ஆணியை நம்பாத தச்சர்கள்

மேசை என்பது போர்த்துக்கேயர் தந்த சொல். கதிரையும் அலுமாரியும் அவ்வாறே. மேசையில் இழுத்துத் திறக்கும் அறையை இலங்கைத் தமிழர் லாச்சி என்பர். அச்சொல் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. 1505 இல் இலங்கைக்கு வந்தவர்களும், 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையை அவர்களிடமிருந்து பறித்தவர்களும் நாம் உட்காரும் முறையையே மாற்றிவிட்டுப் போனார்கள். பாயிலும் திண்ணையிலும் இருந்தவர்களுக்குக் கதிரை வந்தது. கதிரையில் இருப்பவருக்குக் கைக்கெட்டும் உயரத்தில் செம்பையும் வெற்றிலைத் தட்டத்தையும் வைக்க ஒரு பக்கமேசை தேவைப்பட்டது. பொருளின் பெயர் புதியது. அதைப் பொருத்திய தச்சரின் வித்தையோ மிகப் பழையது.

பக்கமேசையைச் சிறிய வேலை என்று எண்ணுவோர் உளர். நான்கு கால்கள், அவற்றை மேற்புறத்தில் இணைக்கும் நான்கு சட்டங்கள், அதன்மேல் ஒரு பலகை. சட்டமும் காலும் சந்திக்கும் இடங்கள் எட்டு. மேசையின் ஆயுள் அந்த எட்டு இடங்களில்தான் இருக்கிறது. மேலே வைக்கும் பாரம் மேசையை முறிப்பது அரிது. பிள்ளைகள் சாய்வதும், கூட்டும்போது ஒருபுறமாக இழுப்பதும், காலால் இடறுவதுமே பொருத்துகளை ஆட்டி ஆட்டித் தளர்த்துகின்றன. ஆணி அடித்த மேசையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆணியின் துளை சிறிது அகலும். கடற்காற்றுள்ள ஊர்களில் துருவும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு மனிதன் கண்ட விடை, ஒரு மரத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்கி மற்ற மரத்தில் குடைந்த துளையினுள் செலுத்துவது. ஜேர்மனியின் லைப்சிக் நகருக்கு அருகே, ஆல்ட்ஷெர்பிட்ஸ் என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த கிணறொன்றின் ஓக் மரச்சட்டகம் இவ்வாறு பொருத்தப்பட்டிருந்தது. அதற்கான மரங்கள் வெட்டப்பட்டு ஏழாயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. இரும்பு அறியாத மக்கள் கல்லுளி கொண்டு அத்துளைகளைக் குடைந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். துருக்கிக் கரையில், உலுபுருன் முனைக்கு அப்பால், கி.மு. 1300 அளவில் மூழ்கிய வணிகக் கப்பலின் பலகைகளும் நாக்கும் துளையுமாகப் பிணைக்கப்பட்டு, நாக்கு நழுவாதபடி குறுக்கே மர ஆணி இறுக்கப்பட்டவை. ரோமரான கேட்டோ இத்தகைய பொருத்தைப் பியூனிக் பொருத்து என்றே குறிப்பிடுகிறார். பியூனிக்கர் என்றால் கார்த்தேஜ் மக்கள். எதிரியின் பெயரால் ஒரு நல்ல வேலையை அழைக்க ரோமர் வெட்கப்படவில்லை.

நமது நாட்டில் இவ்வித்தையின் உச்சத்தைக் காண விரும்புவோர் கண்டிக்கு அருகிலுள்ள எம்பெக்கே தேவாலயத்துக்குச் செல்லலாம். கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், கதிர்காமக் கடவுளுக்கு எடுத்த கோயில் அது. தூண்களில் உள்ள அன்னத்தையும் மல்லரையும் பார்த்துவிட்டுத் திரும்புவோரே அதிகம். தலையை நிமிர்த்தினால் கூரையின் ஓர் அந்தத்தில் 26 கைமரங்கள் ஒரே இடத்தில் வந்து கூடுவதைக் காணலாம். அவை அனைத்தையும் பிடித்து வைத்திருப்பது ஒற்றை மர ஆணி. சிங்களத்தில் அதனை மடோல் குருப்பாவ என்பர். அங்கு தலைமைச் சிற்பியாக இருந்தவர் தெல்மட மூலாச்சாரி என்பது மரபுவழிச் செய்தி. ஆச்சாரி என்ற சொல் நமக்கும் அயலானதன்று.

கண்டிப் பகுதியின் இத்தகைய கைவினைகளை விரிவாக எழுதிவைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைப் பணியில் இருந்தபோது ஊர் ஊராகச் சென்று கைவினைஞரைக் கண்டவர் அவர். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது நூல் 1908 இல் இங்கிலாந்தின் புரோட் கம்டன் கிராமத்தில், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்திலேயே 425 பிரதிகள் அச்சாயிற்று. அதே கொட்ஸ்வோல்ட் மலைப்பகுதியில், சப்பேர்ட்டன் என்ற ஊரில், ஏர்னஸ்ட் கிம்சனும் பார்ன்ஸ்லி சகோதரரும் அக்காலத்தில் மேசைகளும் அலுமாரிகளும் செய்துகொண்டிருந்தார்கள். பொருத்தை மறைப்பது பொய் சொல்வதற்கு ஒப்பு என்று கருதிய கூட்டம் அது. சட்டத்தின் நாக்குக் காலை ஊடறுத்து மறுபுறம் தெரியும்படி விட்டார்கள். அந்த நேர்மையில் சற்று ஆடம்பரமும் இருந்தது என்பது என் எண்ணம். எம்பெக்கேயின் ஆணி எவரும் பார்க்க வேண்டும் என்று அங்கே இல்லை.

இனி, நம் பக்கமேசைக்கு வருவோம். காலுக்கும் சட்டத்துக்கும் நாக்கும் துளையுமே தக்கது. நாக்கின் தடிப்பு சட்டத்தின் தடிப்பில் மூன்றில் ஒன்று. மர ஆணிக்கான துளையை நாக்கில் இடும்போது சட்டத்தின் பக்கமாக நூலளவு தள்ளி இட்டால், ஆணி இறங்கும்போது சட்டத்தைக் காலோடு இழுத்து இறுக்கும். பசை செத்தாலும் பொருத்துச் சாகாது. லாச்சிக்குப் புறாவால் பொருத்து. இழுக்குந்தோறும் முன்பலகையைப் பிடுங்கும் விசையை, விரிந்த அந்த வால்வடிவம் தாங்கிக்கொள்ளும்.

மேற்பலகைக்கு மட்டும் இறுக்கம் கூடாது. மரம் நாரோட்டத்தின் நீளத்தில் ஏறக்குறைய மாறாது. குறுக்கே ஈரத்தில் விரிந்து வறட்சியில் சுருங்கும். அரை மீற்றர் அகலப் பலகையில் இவ்வசைவு சில மில்லிமீற்றர் இருக்கும். நாலாபுறமும் பசை பூசிப் பூட்டிய முதிரைப் பலகை ஊரிலே ஒருவேளை தாக்குப்பிடிக்கும். ரொறன்ரோவின் மாரியில், வீட்டைச் சூடாக்கும் வறண்ட காற்றில், அது நடுவே பிளந்துவிடும். சட்டத்தின் உட்புறம் தவாளிப்பு வெட்டி, அதில் நகரும் சிறு மரத்துண்டுகளால் பலகையைப் பிடித்து வைப்பதே பழைய தச்சர் வழி.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள் மேசைகளைத் தூக்கிச் செல்லவில்லை. எஞ்சிய பழைய மேசைகளைத் தூக்கி எறியுமுன் ஒன்றை அறிந்துகொள்வது நல்லது. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரத்தால் ஒட்டிய பொருத்து, வெந்நீரும் சூடும் பட்டால் இளகும். மர ஆணியைத் தட்டி எடுத்து, காலைக் கழற்றி, தேய்ந்த நாக்கில் மெல்லிய சீவல் ஒட்டித் திரும்பவும் பூட்டலாம். மரத்தூளை அழுத்திச் செய்த இன்றைய பலகையில் திருகாணி ஒருமுறை கழன்றால் பிறகு அவ்விடம் பொடிதான். கடையில் மேசை வாங்கப் போகிறவர்கள் மேற்பூச்சைத் தடவிப் பார்ப்பதை விட்டு, லாச்சியை முழுதாக வெளியே இழுத்து அதன் பக்கவாட்டைப் பார்க்கட்டும். பிறகு மேசையைக் கவிழ்த்து, பலகை எதனால் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கட்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.