பெரிய கோயில் பங்கும் பட்டினப்பாக்கம் பங்கும்

ஆறாம் வகுப்பு விகிதக் கணக்கை எக்ஸ், ஒய் எல்லாம் இல்லாமலே போட்டுவிடலாம். மொத்தத்தைச் சம பங்குகளாக வெட்டு, யாருக்கு எத்தனை பங்கு என்று எண்ணு, அவ்வளவுதான். சிங்கப்பூர்க்காரர்கள் கட்டம் வரைந்து காட்டி இதற்கு ‘பார் மாடல்’னு பேர் வைத்தார்கள். விஷயம் பழசு.

1150-ல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் ஒரு கூட்டு வியாபாரக் கணக்கு வருகிறது. மூவர் போட்ட முதல் 51, 68, 85. அது 300 ஆகிவிட்டது. யாருக்கு எவ்வளவு? மொத்தத்தால் பெருக்கி, முதல்களின் கூட்டுத்தொகையால் வகு என்பது அவர் விதி. ஆனால் மூன்றையும் 17-ஆல் வகுத்துப் பாருங்கள்: 3, 4, 5. ஆக 12 பங்கு, பங்குக்கு 25. விடை 75, 100, 125. பேப்பரே வேண்டாம்.

பட்டினப்பாக்கம் கடற்கரையில் படகு கரையேறியதும் நடப்பது இதே கணக்குதான். டீசல், ஐஸ் செலவு போக மீதியைப் பங்கு வைப்பார்கள். ஆளுக்கு மட்டுமில்லை, படகுக்கும் வலைக்கும்கூடப் பங்கு உண்டு. எத்தனை என்பது ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். உதாரணத்துக்கு நாலு ஆள், படகு ஒன்று, வலை ஒன்று என ஆறு பங்கு வைத்துக்கொள்வோம். மீதி 7,200 ரூபாய் என்றால் பங்கு 1,200. படகும் வலையும் சொந்தமாக வைத்துக் கடலுக்கும் போகிறவருக்கு மூன்று பங்கு, 3,600. மீன் படாத நாளில் பங்கு சுழி.

இப்போ தஞ்சாவூருக்கு வருவோம். முதலாம் ராஜராஜனின் 29-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1014. பெரிய கோயில் சுவரில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பது வரை (டேட்டாபேஸ்தான், வேறென்ன!). ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. நட்டுவனாருக்கு இரண்டு. வேறு சிலருக்கு ஒன்றரை, அரை என்றும் வருகிறது.

அதே சொல்தான், ஆனால் கணக்கு தலைகீழ். அங்கே ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்து விளைச்சல், 100 கலம் நெல் என்று முதலிலேயே எழுதிவிட்டார்கள். பங்கு மாறிலி, மொத்தம்தான் கூட்டி வருவது. 400 பெண்களுக்கு மட்டும் 40,000 கலம். பட்டினப்பாக்கத்தில் மொத்தம் கையில் இருக்கும், பங்குதான் வகுத்து வருவது. நஷ்டமும் அதோடு சேர்ந்தே பங்காகிறது. என்னைக் கேட்டால் தஞ்சாவூர்ப் பங்கை ‘சம்பள அலகு’ என்றே படிக்க வேண்டும்.

ஆனாலும் வெறும் சம்பளம் இல்லை அது. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவினருக்கு வேலையும் பங்கும் போகும். அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள இன்னொருவரை அவரே தேர்ந்து வேலைக்கு வைக்க வேண்டும். இதுவும் அதே கல்வெட்டிலேயே இருக்கிறது.