ஜூனியஸ் யாரு?

1769 ஜனவரி 21. லண்டனில் ‘பப்ளிக் அட்வர்டைசர்’ நாளிதழில் ஒரு கடிதம். கீழே ‘ஜூனியஸ்’ என்று மட்டும் இருந்தது. சரியாக மூன்று ஆண்டுகள் அந்தப் பெயரில் கடிதங்கள் வந்தன. பிரதமர் கிராஃப்டனைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கே நேராக எழுதினார். இதழை அச்சிட்ட வுட்ஃபால் நீதிமன்றம் ஏறினார். தண்டனை இல்லாமல் தப்பியது பெரிய விஷயம். அவருக்கே ஆள் யாரென்று தெரியாது. ஜூனியஸுக்கு எழுதும் பதில்களை வேறு பெயர் போட்டு கோப்பிக் கடைகளில் விட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

யாரு இந்த ஆளு? எட்மண்ட் பர்க் என்றார்கள். கிப்பன், ஹொரேஸ் வால்போல் என்றார்கள். பட்டியலில் பிரபுக்களும் உண்டு. எனக்கு இந்தப் பட்டியல்தான் சுவாரஸ்யம். இவ்வளவு நல்ல உரைநடை, இவ்வளவு உள்விவகாரம், அப்படியென்றால் பெரிய இடத்து ஆளாகத்தான் இருக்கணும் என்கிற நினைப்பு அதில் அப்படியே தெரிகிறது.

1812இல் வுட்ஃபாலின் மகன், ஜூனியஸ் தன் தந்தைக்கு எழுதிய தனிக் கடிதங்களையும் சேர்த்து ஒரு பதிப்பு கொண்டுவந்தார். 1772இல் ‘வெட்டரன்’ என்ற பெயரில் வந்த கடிதங்களும் ஜூனியஸ் எழுதியவையே என்பது அதில் தெரிந்தது. அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது? போர் அலுவலகத்தில் டாய்லி என்பவரின் இடத்தில் ஷாமியே என்பவரை உட்கார வைத்துவிட்டார்கள் என்கிற கொதிப்பு. மன்னரையே கேள்வி கேட்டவர் ஒரு ஆபீஸ் நியமனத்துக்கு இப்படிக் குதிப்பானேன்? டாய்லியின் நண்பர் ஒருவர் அதே அலுவலகத்தில் இருந்தார். பெயர் ஃபிலிப் பிரான்சிஸ். நம்ம ஊர் வார்த்தையில் சொன்னால், கிராணி.

1816இல் ஜான் டெய்லர் (பின்னாளில் கீட்ஸின் பதிப்பாளர்) பிரான்சிஸைத்தான் சுட்டினார். 1871இல் கையெழுத்து நிபுணர் ஷபோ, மாற்றி எழுதப்பட்ட பிரான்சிஸின் கைதான் அது என்றார். 1962இல் சுவீடன் மொழியியலாளர் எல்லகோர்ட், ஒரே பொருளுள்ள சொற்களில் யார் எதைத் தேர்கிறார் என்று எண்ணிப் பார்த்து அதே இடத்துக்கு வந்தார். நூறு சதவீதம் என்று யாரும் சொல்ல முடியாதுதான். ஆனால் கிராணிக்கு எதிராக வைக்கப்பட்ட வாதங்களில் பாதி, ‘அவனுக்கு இப்படி எழுத வருமா?’ என்பதாகவே எனக்குப் படுகிறது.

பிரான்சிஸின் பின்கதை அவ்வளவு அழகானதில்லை. 1774இல் வங்காள ஆட்சிக் குழு உறுப்பினராகக் கல்கத்தாவில் இறங்கினார். சம்பளம் ஆண்டுக்கு 10,000 பவுண்டு. வாயடைக்கக் கொடுத்த விலை என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு, ஆதாரம் கிடையாது. அப்படியே அடைத்திருந்தாலும் அந்த வாய் அடங்கவில்லை. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸோடு ஓயாத சண்டை. 1780 ஆகஸ்டில் இருவரும் துப்பாக்கியெடுத்து ஒண்டிக்கு ஒண்டி நின்றார்கள். குண்டு பட்டது பிரான்சிஸுக்கு.

1818இல் சாகும்வரை ஜூனியஸ் நான்தான் என்று அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனால் 1814இல் இரண்டாம் திருமணம் செய்தபோது மனைவிக்குக் கொடுத்த முதல் பரிசு ஜூனியஸ் கடிதங்கள். தன் சாவுக்குப் பிறகு அவருக்குக் கிடைக்கும்படி இன்னொரு புத்தகத்தையும் வைத்துவிட்டுப் போனார். ஜான் டெய்லர் எழுதியது.