மண்கலத்திலிருந்து அயனி வாயில் வரை

விருத்தாசலம் என்றால் பீங்கான். நல்லூர்ப் பக்கத்தவரான நமக்கு, மெருகேற்றாத கலத்தில் நீர் கசியும் என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1877-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர் அத்தகைய கலமொன்றின் சுவருக்குள் செப்பு ஃபெரோசயனைடைப் படியவைத்தார். நீரை விட்டுச் சர்க்கரையைத் தடுக்கும் செயற்கைச் சவ்வு அது. உள்ளே ஒரு சதவீதச் சர்க்கரைக் கரைசல், வெளியே வெறும் நீர். உட்புகுந்த நீரின் அழுத்தம் பாதரசத்தை அரை மீட்டருக்கு மேல் தூக்கியது.

உயிரணுவின் சவ்வோ கொழுப்பாலானது. மின்னேற்றம் கொண்ட அயனிகள் அதைத் தாமாகக் கடப்பது மிக அரிது. வாயிலாக நிற்பவை புரதங்கள். அந்த வாயிலின் வடிவம் என்ன?

இங்கேதான் சென்னை வருகிறது. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் ஒரு வரைபடம் வெளியிட்டனர். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு அச்சுகளில் திரும்பக்கூடும். அணுக்கள் ஒன்றையொன்று முட்டாத கோணங்கள் எவை என்று கணக்கிட்டதன் பயன் அது. படத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலம். (நோபல் கிடைக்கவில்லையே என்று புலம்பும் நாம், அவர் செய்தது என்ன என்று படித்திருந்தால் நன்றாயிருக்கும்!)

உயிர்ப் புரதங்களின் அமினோ அமிலங்கள், கை வடிவம் இல்லாத கிளைசின் நீங்கலாக, ‘இடக்கை’ வகையின. ‘வலக்கை’ வகைக்கு அந்த வரைபடமே தலைகீழாகிவிடும். ஒன்றுக்கு விலக்கான நிலம் மற்றொன்றுக்கு வீடு. 1939-இல் ரெனே டுபோ கண்டறிந்த கிராமிசிடின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியில் இவ்விரு வகையும் மாறிமாறி வருகின்றன. அது சவ்வில் துளையிட்டு அயனிகளைக் கடத்தும். 1971-இல் டான் உர்ரி அதற்கொரு சுருள் வடிவை முன்மொழிந்தார். மறு ஆண்டே ராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும் இவ்வகைச் சுருள்களின் கோணங்களை விரிவாக ஆராய்ந்தனர். பக்கக் கிளைகள் அனைத்தும் வெளியே கொழுப்பை நோக்க, சங்கிலியின் முதுகெலும்பே துளைக்கு உட்சுவராகிறது.

எளிதில் ஒப்புக்கொள்ளப்பட்டதா? இல்லை. 1988-இல் படிகங்கள் வேறு கதை சொன்னன: இரு சங்கிலிகள் பின்னிக் கிடந்தன. ஆனால் அவை கரைப்பானில் வளர்ந்த படிகங்கள். 1993-இல் சவ்வுக்குள்ளேயே அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையில் பார்த்தபோது ஒற்றைச் சுருளே தெரிந்தது.

1998-இல் ராடரிக் மெக்கினன் குழு பொட்டாசியம் வாயிலின் வடிவத்தை வெளியிட்டது. அதன் குறுகிய வடிகட்டியிலும் முதுகெலும்பின் ஆக்சிஜன்களே அயனியைத் தழுவி நிற்கின்றன. ஒரே திசையில் அவை திரும்பி நிற்க வேண்டுமானால் சில கண்ணிகள் வலக்கைக்குரிய நிலத்தில் இருந்தாக வேண்டும். அவ்விடங்களில் இருப்பது கிளைசின். 2004-இல் ஃபிரான்சிஸ் வலியவீட்டில் உள்ளிட்ட குழுவினர் அத்தகைய ஒரு கிளைசினை அகற்றி, வலக்கை அலனைனை வைத்துப் பார்த்தனர். பொட்டாசியம் கடந்து சென்றது.