ஒரே வாக்குமூலம், இரு முடிவுகள்

போர்களையும் ஒப்பந்தங்களையும் நாம் தலைவர்களின் பெயரோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம். அவற்றுக்கான காரணங்களை எழுதிக் கொடுத்தவர்களை வரலாறு பெரும்பாலும் அடிக்குறிப்பில் விட்டுவிடுகிறது. அரசர் காலத்தில் அமைச்சரவையும் புலவரும் செய்த அப்பணியின் ஒரு பகுதி, இருபதாம் நூற்றாண்டில் 'திங்க் டாங்க்' எனப்படும் சிந்தனைக் குழாம்களின் கைக்குச் சென்றது. அவற்றுள் புகழ்பெற்ற ராண்ட் நிறுவனத்தின் வியட்நாம் ஆய்வை இங்கே சற்று நின்று பார்ப்போம்.

1946இல் டக்ளஸ் விமான நிறுவனத்துக்குள் அமெரிக்க விமானப்படையின் திட்டமாகத் தொடங்கப்பெற்ற ராண்ட், 1948இல் லாப நோக்கமற்ற தனி நிறுவனமாகிக் கலிபோர்னியாவின் சான்ட்டா மோனிகாவில் நிலைகொண்டது. பெயரளவில் தனித்து நின்றாலும், அதனை நெடுங்காலம் தாங்கியது விமானப்படையின் பணமே.

1964இல் அமெரிக்கப் பாதுகாப்புத்துறைக்கு ஓர் ஐயம் எழுந்தது. வியட்காங் போராளிகள் யார்? எதற்காக இவ்வளவு இழப்பையும் தாங்கிப் போரிடுகிறார்கள்? விடை தேடிச் சைகோன் சென்ற ராண்ட் ஆய்வாளர்கள் ஜோசப் ஸாஸ்லாஃப், ஜான் டானல் இருவரும் கைதிகளையும் சரணடைந்தோரையும் நேர்காணல் செய்தனர். தம் மண்ணுக்காகவும் நீதிக்காகவும் போராடுவதாக நம்பும் உறுதிமிக்க மனிதர்களையே அவர்கள் கண்டனர். அதை மறைக்காமல் மேலிடத்துக்கு உரைத்தனர்.

அடுத்து அத்திட்டத்தின் பொறுப்பை ஏற்றவர் சோவியத் விவகாரங்களில் வல்லுநரான லியோன் கூரே. வான்வழிக் குண்டுவீச்சால் வியட்காங்கின் மன உறுதி தளர்ந்து வருகிறது என்று 1965இல் அவர் எடுத்துரைத்தார். குண்டுவீச்சை விரிவாக்கிக்கொண்டிருந்த வாஷிங்டன் கேட்க விரும்பிய சொல் அதுவே. பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாரா அவருடைய விளக்கங்களை ஆர்வத்தோடு கேட்டார். திட்டத்துக்கான நிதியும் பெருகியது.

1968வரை நீண்ட அத்திட்டத்தில் சேர்ந்த நேர்காணல்கள் ஏறத்தாழ 2,400. அவற்றைப் படித்த மற்றொரு ராண்ட் ஆய்வாளர் கொன்ராட் கெல்லன். பெர்லினில் பிறந்து, நாஜி ஆட்சியில் நாடு நீங்கி, அமெரிக்காவில் நாவலாசிரியர் தாமஸ் மன்னின் செயலாளராகப் பணியாற்றியவர். பனுவலை ஊன்றிப் படிக்கும் பழக்கம் அங்கே கூர்மையடைந்திருக்கலாம் என்று இலக்கிய வாசகர்களாகிய நாம் எண்ணிக்கொள்வதில் தவறில்லை. கூரே தளர்ச்சியைக் கண்ட அதே நேர்காணல்களில் கெல்லன் கண்டது குலையாத பிணைப்பை. இப்போரை வெல்ல இயலாது என்பதே அவர் முடிவு. அதற்குச் செவிகொடுப்பார் மேலிடத்தில் இல்லை.

1969 அக்டோபரில் கெல்லன், டேனியல் எல்ஸ்பெர்க் உள்ளிட்ட ராண்ட் ஆய்வாளர் அறுவர், அமெரிக்கப் படைகள் வியட்நாமைவிட்டு வெளியேற வேண்டுமென நாளிதழுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அதே மாதம் எல்ஸ்பெர்க், ராண்டின் பெட்டகத்திலிருந்த 47 தொகுதிகள் கொண்ட போர் வரலாற்று ஆவணங்களை இரகசியமாகப் படியெடுக்கத் தொடங்கினார். 1971 ஜூனில் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்ட பென்டகன் ஆவணங்கள் அவையே. படியெடுக்கத் துணைநின்ற அந்தோணி ரூஸ்ஸோ, சைகோனில் அந்த நேர்காணல் திட்டத்திலேயே பணியாற்றியவர். வியட்நாமியக் கைதிகளோடு பேசியதே தம்மை மாற்றியது என்று பின்னர் எழுதினார். 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது.

ராண்டில் அறிவுக்குப் பஞ்சமில்லை. உண்மையை உரைத்தவர்களும் அதன் கூரையின்கீழேயே இருந்தனர். எந்த அறிக்கைக்குக் கதவு திறக்கும் என்பதை மட்டும் கேள்வி கேட்டவரின் விருப்பம் தீர்மானித்தது. இடித்துரைக்கும் அமைச்சரின் அருமையை நம் அறநூல்கள் வலியுறுத்தியதன் பொருள் இங்கே விளங்குகிறது. இன்றும் போர், வணிகம், பருவநிலை என எத்துறையிலும் சிந்தனைக் குழாம்களின் அறிக்கைகள் மேற்கோள் காட்டப்படுகின்றன. அவற்றைப் படிக்கும்போது, ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார் என்பதோடு, அதே தரவிலிருந்து எழுந்து எவர் காதிலும் விழாமற்போன அறிக்கை எது என்பதையும் நாம் தேடிப் பார்க்க வேண்டும்.