ஸ்டியரிங் யார் கையில்?

   

"தானே ஓடுகிற காரில் உயிரைக் காப்பது இயந்திரத்தின் விழிப்பே" என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். "மனுஷன் தூங்குவான், இயந்திரம் தூங்காது"ன்னு ஒரு போடு போட்டார். வாஸ்தவம்தான். மாட்டு வண்டிக்காரர் சந்தை முடிஞ்சு வரும்போது தூங்கிடுவார். மாடு வழி தெரிஞ்சு வீட்டுக்குக் கொண்டாந்து சேர்த்துடும். அதுதான்யா முதல் தானியங்கி வண்டி! (சிரிப்பு) ஆனால் நடுவர் அவர்களே, பள்ளத்தைக் கண்டால் மாடு தானே நிற்கும். அதுக்கும் உயிர்ப் பயம் உண்டு. கம்ப்யூட்டருக்கு உண்டா? வரலாற்றைக் கேட்போம்.

1995-ஆம் ஆண்டு. ஜெர்மன் பேராசிரியர் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் குழுவின் கார், மியூனிக்கிலிருந்து டென்மார்க்கின் ஒடென்ஸ் வரை போய்த் திரும்பியது. மணிக்கு 175 கி.மீ. வேகத்தையும் தொட்டது. ஆனாலும் மனிதன் குறுக்கிடாமல் ஒரே மூச்சில் ஓடிய அதிகபட்ச தூரம் 158 கி.மீ.தான். அதே ஆண்டு அமெரிக்காவில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வண்டி பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டியேகோ வரை சுமார் 4,500 கி.மீ. ஓடியது. நூற்றுக்கு 98 பங்கு தூரம் ஸ்டியரிங்கைத் திருப்பியது கம்ப்யூட்டர். பிரேக்? அது உள்ளே இருந்த ஆராய்ச்சியாளர்கள் காலில்! ஆளுக்குப் பாதி வேலை; அதனால் அவர்கள் அசந்து போக வழியில்லை.

"மீதி ரெண்டு பங்கையும் கொடுத்துட்டாப் போச்சு" என்பீர்கள். அங்கேதான் வில்லங்கம்! எல்லாவற்றையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, மனிதனிடம் "சும்மா பார்த்துக்கிட்டிரு" என்றால் அவன் என்ன ஆவான்? 1948-லேயே இங்கிலாந்தில் நார்மன் மாக்வொர்த், ஒரு கடிகார முள்ளை உற்றுப் பார்க்கச் சொல்லிச் சோதித்தார். அரை மணியிலேயே கவனம் சரிந்தது. 1983-இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற அம்மையார் இன்னும் தெளிவாக எழுதினார்: தானியங்கி வளர வளர, மனிதனுக்கு மிஞ்சும் வேலை குறையும், ஆனால் அதுவே கடினமான வேலையாக இருக்கும்!

எச்சரிக்கையைக் கேட்டோமா? 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணி மீது ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதியது. அவர் இறந்துபோனார். கார் அவரை 5.6 விநாடிக்கு முன்பே கண்டுவிட்டது! வண்டியா, சைக்கிளா என்று மாற்றி மாற்றி யோசித்ததே தவிர, நடந்து வரும் ஆள் என்று கடைசிவரை அதற்குப் புரியவில்லை. சீட்டில் இருந்த கண்காணிப்பாளரின் கண்ணோ செல்போனில். முன்பெல்லாம் இந்த வேலைக்கு ரெண்டு பேர், பிறகு ஒருத்தராக்கினார்கள். விசாரணையில் அவர் கவனக்குறைவோடு நிறுவனத்தின் பாதுகாப்புக் குறைகளும் வெளிவந்தன. ஆனால் கோர்ட்டில் நின்று தண்டனை பெற்றவர் அந்த ஒருத்தர்தான்!

இயந்திரம் வேண்டாம்னு நான் சொல்லலீங்க. 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுக் கார்கள் எல்லாவற்றிலும், ஓட்டுநர் சோர்ந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயம். இது நல்ல கூட்டு. மனிதனை இயந்திரம் தட்டி எழுப்பட்டும். இயந்திரத்தை மனிதன் தடுத்து நிறுத்தட்டும். ஆனால் வேலையைப் பிடுங்கிக்கொண்டு பழியை மட்டும் அவன் தலையில் கட்டாதீர்கள்! உயிரைக் காப்பது மனிதனின் விழிப்பே. அந்த விழிப்பை அணையாமல் காப்பது வண்டி செய்பவர்களின் கடமை என்று கூறி அமர்கிறேன்.