பெட்டியின் மேல் எழுத்து ஏறிய கதை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குவெல்ஃப் என்றோர் ஊர். 1917இல் அங்கே தொடங்கிய ஹேமண்ட் நிறுவனம் மின்மாற்றிகளும் மின்னணுக் கருவிகளுக்கான உறைகளும் செய்கிறது. அதன் பட்டியலில் 1590பி என்றோர் உருப்படி உண்டு. 112 மில்லிமீட்டர் நீளம், 60 அகலம், 31 உயரம் கொண்ட அலுமினிய வார்ப்புப் பெட்டி. பெயர் கிடையாது, எண்தான். மூடியை நான்கு திருகுகள் பிடித்திருக்கும். அச்சிலிருந்து சிரமமில்லாமல் கழன்று வருவதற்காகப் பக்கச் சுவர்களை மிக லேசாகச் சாய்த்து வார்த்திருப்பார்கள். உள்ளே எந்தக் கருவியை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று செய்த பொதுப் பெட்டி. அதனால் அதன் நெற்றியில் ஓர் எழுத்தும் இருக்காது.

வீட்டில் கிடார் பெடல் செய்கிறவர்கள் இந்தப் பெட்டியைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கிடாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே தரையில் கிடந்து, காலால் ஒரு மிதி மிதித்தால் ஒலியைக் கரகரப்பாக்கியோ சுழலவைத்தோ அனுப்புவது பெடல். மிதிபடுகிற பொருளுக்கு உறுதியான உறை வேண்டும்; வார்ப்பு அலுமினியம் மிதியைத் தாங்கும். சாதாரணக் கை டிரில்லால் துளை போடும் அளவுக்கு மென்மையும் அதற்கு உண்டு. பெட்டியையே சர்க்யூட்டின் கிரவுண்டோடு இணைத்துவிட்டால் சுற்றியுள்ள மின் இரைச்சலை உள்ளே விடாது. கிடாரின் மெல்லிய சிக்னலைப் பல மடங்கு பெருக்குகிற கருவிக்கு இந்தக் காவல் கட்டாயம். ஆக, உறையின் வேலைகள் எல்லாம் வார்ப்பிலேயே முடிந்துவிட்டன. எழுத்து மட்டும் பாக்கி.

கடைப் பெடல்களுக்கு அந்த வேலையைத் தொழிற்சாலை செய்துவிடும். 1962இல் கிப்சன் நிறுவனம் மேஸ்ட்ரோ என்ற பெயரில் ஃபஸ்-டோன் பெடலைக் கொண்டுவந்தபோது அதில் இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்று வால்யூம், மற்றது அட்டாக். 1966இல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் மைக் ஸ்டாண்டின் அடிப்பாகம் போன்ற வட்ட உறையில் ஃபஸ் ஃபேஸை வெளியிட்டது. அதிலும் இரண்டு குமிழ்கள், ஆனால் அட்டாக்குக்குப் பதில் ஃபஸ் என்று எழுதியிருந்தது. 1969இல் நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பிக் மஃப் பெடலைக் கொண்டுவந்து அதே இடத்தில் சஸ்டெயின் என்று எழுதியது. கரகரப்பைக் கூட்டிக் குறைக்கிற வேலைக்குத்தான் இந்த மூன்று பெயர்களும். ஒருவர் காதில் தாக்குதலாக விழுந்தது, இன்னொருவர் காதில் உரோமம் போன்ற ஒலியாகவும், மூன்றாமவர் காதில் நீண்டு நிற்கும் சுரமாகவும் விழுந்திருக்கிறது. குமிழின் தலைக்கு மேல் எழுதப்படுகிற சொல், செய்தவர் எதைக் கேட்டார் என்பதற்கான வாக்குமூலம். அந்தச் சொல்லைப் படித்தபடிதான் வாசிப்பவர் விரலை வைக்கிறார். படித்ததையே பாதி கேட்கவும் செய்கிறார். எழுத்தை நான் சர்க்யூட்டின் கடைசிப் பாகமாக எண்ணுவது இதனால்தான்.

எழுத்தின் வடிவமே ஒலியின் பெயராக மாறியதும் நடந்திருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் கீத் பாரும் டெரி ஷெர்வுட்டும் எழுபதுகளின் தொடக்கத்தில் எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தை நிறுவினார்கள். அவர்களுடைய ஃபேஸ் 90, ஒற்றைக் குமிழ் கொண்ட ஆரஞ்சு நிறப் பெட்டி. தொடக்க ஆண்டுகளில் நிறுவனத்தின் பெயர் அதில் சாய்வான கூட்டெழுத்தில் இருந்தது. பிறகு தடித்த கட்டை எழுத்துக்கு மாறியது. பழைய பெட்டியின் ஒலி மென்மை, பின்னதன் சுழற்சி அழுத்தம் கூடியது. வேறுபாடு ஒரு ரெசிஸ்டரில் இருக்கிறது. ஆனால் கிடார்க்காரர்கள் ரெசிஸ்டரைச் சொல்வதில்லை. 'ஸ்கிரிப்ட்', 'பிளாக்' என்று எழுத்தைச் சொல்லியே ஒலியைக் குறிக்கிறார்கள். அந்த ரெசிஸ்டரை நீக்குகிற வேலைக்கு வீட்டு மேசைகளில் 'ஸ்கிரிப்ட் மாட்' என்றுதான் பெயர்.

வீட்டுப் பெடலுக்கு வருவோம். 1975இல் அமெரிக்காவில் கிரெய்க் ஆண்டர்டன் எழுதிய 'எலக்ட்ரானிக் ப்ராஜெக்ட்ஸ் ஃபார் மியூசிஷியன்ஸ்' வெளிவந்தது. மின்னணுவியல் படிக்காத கிடார்க்காரர்களைச் சால்டரிங் இரும்பைத் தூக்கவைத்த புத்தகம் அது. அந்தத் தலைமுறைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு எழுத்து வழிகள் இருந்தன. ஒன்று டைமோ. 1958இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் கைக்கருவியில் எழுத்துச் சக்கரத்தைத் திருப்பி அழுத்தினால், வண்ண பிளாஸ்டிக் நாடாவில் எழுத்து புடைத்து நிற்கும். அழுத்தத்தில் நீளும் இடம் வெளுத்துப்போவதால் மையே இல்லாமல் வெள்ளை எழுத்து கிடைக்கும். இன்னொன்று லெட்ராசெட். 1961 முதல் இங்கிலாந்திலிருந்து வந்த அந்தத் தாளைப் பரப்பின்மேல் வைத்து மழுங்கிய முனையால் தேய்த்தால் எழுத்து இடம்பெயர்ந்து ஒட்டிக்கொள்ளும். அச்சகத்து நேர்த்தி அதில் வரும். எழுத்துக்கெழுத்து இடைவெளியைக் கண்ணால் அளக்கும் பழக்கமும் வரும். மேலே லாக்கர் பூசாவிட்டால் நகம் பட்டாலே உரிந்துவிடும். தாளில் அடிக்கடி வரும் எழுத்துகள் முதலில் தீரும். மீதி எழுத்துகளை வைத்துப் பெயர் யோசிக்க வேண்டியதுதான்.

டைமோ நாடாவை மலிவான தோற்றம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். மங்கிய மேடையில், நின்ற நிலையில், ஐந்தடி உயரத்திலிருந்து குனியாமல் படிக்க முடிகிற எழுத்து அது. பெடலுக்கு எழுதுவதில் முதல் அளவுகோல் இதுதான், அழகெல்லாம் பிறகு.

கையால் எழுதுவதற்கு முன்னால் பெட்டி நெடுந்தூரம் போயாக வேண்டும். துளைகளின் இடம் குறித்த காகிதத்தை மேலே ஒட்டி, ஒவ்வொரு மையத்திலும் பஞ்ச் வைத்து ஒரு தட்டுத் தட்டுவார்கள். அந்தக் குழி இல்லாவிட்டால் டிரில் முனை வழுக்கிக் கோடு கிழித்துவிடும். குமிழின் தண்டுக்கு 7 மில்லிமீட்டர், மிதி சுவிட்சுக்கு 12, சின்ன விளக்குக்கு 5. பிசிறுகளை அரம் போட்டு எடுத்த பிறகு உப்புத்தாள். அலுமினியம் காற்றில் பட்ட கணமே மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும் உலோகம், வழவழப்பாக விட்டால் பெயிண்டைப் பிடிக்காது. 220ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை தேய்த்து, ஸ்பிரிட்டால் கைரேகை எண்ணெயைத் துடைத்து, உலோகத்தைக் கடித்துப் பிடிக்கிற பிரைமரை அடித்து, அதன்மேல் நிறத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பூச்சும் துளைகளைச் சற்றுக் குறுக்கும், ஆகவே கடைசியில் மறுபடி ஒருமுறை அரம். தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும் பெயிண்ட் உள்ளே இறுகப் பல நாள் எடுக்கும். அவசரப்பட்டு எழுத உட்கார்ந்தால் பேனா முனையே பள்ளம் பறிக்கும்.

எழுத இருக்கும் இடமோ துக்காணி. அகலம் 60 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டர் குமிழ்கள் மூன்றை வரிசையாக வைத்தால் 45 போய்விட்டது. ஒரு சொல்லுக்குக் குமிழின் அகலத்தை விட்டால் நாலைந்து மில்லிமீட்டர்தான் கூடுதலாகக் கிடைக்கும். வால்யூம் என்பதற்கு ஆங்கிலத்தில் ஆறெழுத்து. நிதானமான கை வேண்டும், இல்லையேல் சுருக்கத் தெரிய வேண்டும். அனுபவப்பட்டவர்கள் பென்சிலால் நடு எழுத்தை முதலில் வைத்து இருபுறமும் பிரித்துக்கொண்டு போகிறார்கள். பெரிய எழுத்து, தடித்த கோடு, பின்னணியோடு மோதும் நிறம் என்பது அவர்கள் கைக்கொள்ளும் முறை. குமிழைச் சுற்றிக் கோடுகள் இடுவதும் உண்டு. குமிழ் ஏறக்குறைய 300 பாகை சுழலும், கடிகாரத்தின் 7 மணியிலிருந்து 5 மணி வரை. கிடார்க்காரர்கள் அமைப்பைச் சொல்லிக்கொள்வதும் மணிக்கணக்கில்தான்: 'கெயின் 2 மணி, டோன் 10 மணி.'

மையின் தேர்வில்தான் பலருடைய உழைப்பு கரைந்துபோகிறது. சாதாரண நிரந்தர மார்க்கரால் எழுதி, அதன்மேல் கரைப்பான் கலந்த கிளியர் லாக்கரைக் கனமாக அடித்தால், லாக்கரின் கரைப்பான் மையையும் கரைக்கும். ஒரு நிமிடத்தில் எழுத்து ஊதா நிழலாகப் பரவிவிடும். மருந்து பொறுமைதான்: தூரத்திலிருந்து பனித்துளி போன்ற முதல் பூச்சு, அது காய்ந்தபின் இரண்டாவது, மூன்றாவது. நிறமித் துகள் கொண்ட பெயிண்ட் மார்க்கர் இந்தச் சோதனையில் எளிதில் தேறும். ஜப்பானின் மிட்சுபிஷி பென்சில் நிறுவனத்தின் போஸ்கா போல நீரில் கலந்த வகைகள் பல மேசைகளில் இருப்பது இதனால்தான்.

வேறு வழிகளும் உண்டு. பொம்மை விமானங்களுக்கு ஒட்டும் டெக்கால் தாளில் அச்சிட்டு, தண்ணீரில் நனைத்து, பெட்டிமேல் வழுக்கவிடலாம். இன்க்ஜெட் அச்சானால் நனைக்கும் முன்பே கிளியர் பூச வேண்டும், இல்லாவிட்டால் மை தண்ணீரோடு போய்விடும். இரும்பு எழுத்துப் பஞ்சுகளைச் சுத்தியலால் அடித்துப் பதிக்கலாம். ஃபெரிக் குளோரைடில் அரித்துப் பள்ளம் எடுத்துக் கறுப்பு பெயிண்ட் நிரப்பலாம். அலுமினியத்தோடு சேர்ந்தால் அந்தத் திரவம் கொதித்துப் புகை விடும் என்பதால் திறந்தவெளியில் மட்டும்.

என்ன எழுதுவது என்பது எப்படி எழுதுவதைவிடப் பெரிய கேள்வி. எழுத்து முடிந்த பிறகே பெட்டிக்குள் பாகங்கள் ஏறும். ஆகவே சர்க்யூட் பலகைமேல் விரிந்து கிடக்கும் நாளிலேயே வாசித்துப் பார்த்துப் பெயரை முடிவுசெய்தாக வேண்டும். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் 1978இல் உருவான ரேட் பெடலில் நடுக் குமிழின் பெயர் ஃபில்டர். அதை வலப்பக்கம் திருப்பினால் கூர்மை குறையும், வழக்கமான டோன் குமிழுக்கு நேர் எதிர். டோன் என்று எழுதியிருந்தால் முதல்முறை தொடுகிறவர் குழம்பியிருப்பார். ஃபில்டர் என்று எழுதியதால் அது வடிகட்டுகிறது, கூட்டினால் இன்னும் வடிகட்டும் என்று கைக்குப் புரிந்துவிடுகிறது. நேர்மையான எழுத்து என்று நான் இதைச் சொல்வேன்.

மினியாபொலிஸ் நகரத்தில் சக்கரி வெக்ஸ் 1995இல் வெளியிட்ட ஃபஸ் ஃபேக்டரி இன்னொரு வகை நேர்மை. இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்ட ஃபஸ். ஐந்து குமிழ்கள்: வால்யூம், கேட், காம்ப், டிரைவ், ஸ்டேப். ஒன்றைத் தொட்டால் மற்றவற்றின் குணமும் மாறும். சில நிலைகளில் கிடாரைத் தொடாமலே பெடல் தானாக ஊளையிடும். கடைசிக் குமிழ், ஸ்டெபிலிட்டியின் சுருக்கம், அந்த ஊளையின் சுருதியை ஏற்றி இறக்கும். நிலைத்தன்மை தன் பொறுப்பில் இருக்கிறது என்று வாசிப்பவருக்கு எழுதியே சொன்ன பெடல் அது. அவருடைய இசெட்வெக்ஸ் நிறுவனத்தின் பெட்டிகளை ஓவியர்கள் ஒவ்வொன்றாகக் கையால் தீட்டினார்கள். பிற்பாடு வெக்ஸ்டர் வரிசை என்று அதே சர்க்யூட்டைத் திரை அச்சில், குறைந்த விலையில் தந்தார்கள். தீட்டிய பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

ஒரு பெடலில் எதை விட்டாலும் விடக்கூடாத எழுத்து மின்சாரத்தைப் பற்றியது. இன்றைய பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். பழைய ஜெர்மானியம் ஃபஸ் சர்க்யூட்டுகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். அதை அறியாமல் மற்றப் பெடல்களோடு ஒரே சப்ளையில் கோத்தால் சப்ளை ஷார்ட் ஆகும். செய்தவருக்கு இது தெரியும். பத்தாண்டு கழித்து வாங்குகிறவருக்குத் தெரியாது. 'பேட்டரி மட்டும்' என்று இரண்டு சொல் எழுத மார்க்கரில் ஒரு சொட்டு மைதான் செலவு. உள்ளே வரும் ஜாக் வலம், வெளியே போவது இடம் என்பது பொது வழக்கம். இடவசதிக்காக மாற்றிப் போட்டவர் அதையும் எழுதிவிட வேண்டும்.

மேடைக்குப் போன பெட்டியில் முதலில் அழிவது மிதி சுவிட்சைச் சுற்றிய எழுத்து, ஷூவின் அடி அங்கேதான் உரசுகிறது. அதனால் பெடலின் பெயரைக் குமிழுக்கும் சுவிட்சுக்கும் நடுவே வைப்பது நல்லது. அடிப்பக்கத்து எழுத்து, பெடலைப் பலகையில் ஒட்டும் வெல்க்ரோவுக்குக் கீழே மறைந்துவிடும். பழுது பார்ப்பவருக்கான செய்திகளுக்கு மூடியின் உட்பக்கமே இடம்: செய்த தேதி, டிரான்சிஸ்டர்களின் எண், ஃபஸ் ஃபேஸ் வகையென்றால் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் வைத்த வோல்டேஜ். அந்த இடத்தில் பொதுவாக 4.5 வோல்ட்டை ஒட்டி வைப்பார்கள். எத்தனை வைத்தார் என்று தெரிந்தால் பழுது பார்ப்பவருக்கு அரை வேலை மிச்சம்.

இப்போது பாங்காக்கின் டேடா எலக்ட்ரானிக்ஸ் போன்ற கடைகள் பெட்டியைத் துளைத்து, பவுடர் பூச்சிட்டு, புற ஊதா ஒளியில் இறுகும் மையால் அச்சிட்டே அனுப்புகின்றன. முதலில் வெள்ளை அடிப்படலம், மேலே நிறம், அதற்கும் மேலே வார்னிஷ். கையெழுத்தை விடாதவர்கள் காகிதத்தில் பெரிதாக எழுதி, ஸ்கேன் செய்து, சுருக்கி அனுப்புகிறார்கள். சுருங்கும்போது கையின் நடுக்கமும் சுருங்கிவிடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பத்துப் பெடல் செய்து விற்கிறவருக்கு இது வரம்தான். ஒன்றே ஒன்று செய்கிறவருக்குக் கோப்பும் அச்சும் கப்பலும் எதற்கு? அவர் மார்க்கரை எடுப்பதே முறை.

மூன்று குமிழ், ஒரு சுவிட்ச், ஒரு விளக்கு என்ற துளையமைப்புக்குப் பொருந்தும் சர்க்யூட்டுகள் ஏராளம். ஆகவே ஒரே பெட்டி இரண்டாவது கைக்குப் போய், பழைய பலகை கழன்று, புதியது ஏறுவது சகஜம். மேல் எழுத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் புதிதாக எழுதட்டும், அது புதியவரின் உரிமை. மூடியின் உட்பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வரிக்குக் கீழே இடம் இருக்கும்; தன் தேதியையும் டிரான்சிஸ்டர் எண்ணையும் அங்கே சேர்த்துவிட்டுத் திருகுகளைப் பூட்டட்டும்.