பரங்கிப்பேட்டை ஸ்டேஷன், 1:87

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே. மூணாங்கிளாஸ் லீவுல சிதம்பரத்துலேர்ந்து கடலூருக்கு மீட்டர்கேஜ் பாசஞ்சர்ல போனது இன்னும் ஞாபகம் இருக்கு. கிள்ளை தாண்டினதும் வெள்ளாத்துப் பாலம். வண்டி பாலத்துல ஏறினதும் சத்தம் மாறும். அந்த சத்தத்துக்காகவே ஜன்னல் சீட்டுக்கு அண்ணன்கூட சண்டை போடுவேன். பாலம் தாண்டினா பரங்கிப்பேட்டை. அப்புறம் அகலப்பாதை வேலைன்னு ரயிலையே நிறுத்திட்டாங்க. 2010ல ரயில் திரும்ப வந்தப்போ அது வேற ரயில்.

ஆபீஸ் ஆணி போக மிச்ச நேரத்துல அந்த பழைய பரங்கிப்பேட்டை ஸ்டேஷனைத்தான் ப்ளைவுட் பலகை மேல செஞ்சுக்கிட்டிருக்கேன். அளவு 1:87.

ஆரம்பமே சொதப்பல். கடையில கிடைச்ச சாதாரண ஹெச்.ஓ. தண்டவாளத்தை வாங்கிப் போட்டேன். அகலம் 16.5 மி.மீ. அதை 87ஆல பெருக்கினா 1435 மி.மீ. அது ஐரோப்பாக்காரன் அகலம். நம்ம பிராட்கேஜ் 1676, மீட்டர்கேஜ் 1000. ஊர்லேர்ந்து வந்திருந்த பெரியப்பா (இந்த லைன்ல பாயிண்ட்ஸ்மேனா இருந்து ரிடையர் ஆனவர்) பாத்துட்டு, "இது எந்த ஊரு ரயிலுடா?"ன்னார். அன்னிக்கு ராத்திரியே மொத்தத்தையும் பேத்தெடுத்தேன். இப்போ போட்டிருக்கறது 12 மி.மீ. சுவிஸ் மலை ரயில் மாடலுக்காக விக்கறாங்க, அதுவும் மீட்டர்கேஜ்தான். ஆல்ப்ஸ் தண்டவாளத்துல பரங்கிப்பேட்டை :-)

இந்த ஒரு மீட்டர் கணக்கு வந்த கதை வேடிக்கையானது. 1861-62ல நாகப்பட்டினம் - திருச்சி பாதை போட்டப்போ அது பிராட்கேஜ். 1870 வாக்குல, வைஸ்ராய் மேயோ காலத்துல, செலவைக் குறைக்கணும்னு மீட்டர்கேஜுக்கு மாறினாங்க. சென்னையிலேர்ந்து கடலூர், சிதம்பரம் வழியா தெக்கே போற பாதை 1870கள்ல மீட்டர்கேஜாவே வந்துச்சு. நாகப்பட்டினம் பாதையையும் 1875ல குறுக்கிட்டாங்க. அகலமா இருந்ததைக் குறுக்கி, நூறு வருஷத்துக்கு மேல ஓட்டி, திரும்ப அகலமாக்கியிருக்கோம்!

எங்க பாதைக்கு பேரு மெயின் லைன். போட் மெயிலே இந்த வழியாத்தான் போச்சு. ஆனா 1920களோட கடைசியில விழுப்புரத்துலேர்ந்து விருத்தாசலம் வழியா திருச்சிக்கு கார்டு லைன் வந்ததும் அவசரக்காரங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க. பேரு மட்டும் எங்ககிட்ட.

இங்கிலாந்துல பெண்டன் மியூசியம்னு ஒண்ணு இருக்கு. 1925ல அங்க வந்த ராய் இங்லண்ட்ங்கற ஆஸ்திரேலியர், கண்ணெதிர்ல மாறிக்கிட்டிருந்த கிராமங்களைப் பாத்துட்டு, வீடு வீடா மாடல் செஞ்சு வைக்க ஆரம்பிச்சார். அவர் முந்திக்கிட்டார். நான் லேட். என்கிட்ட இருக்கறது சித்தி கல்யாணத்தப்போ பிளாட்பாரத்துல எடுத்த ஒரே ஒரு போட்டோ. அதுலயும் பாதி ஸ்டேஷனை மாமா முதுகு மறைச்சிருக்கு.

அந்த மறைஞ்ச பாதிக்கு பெரியப்பாதான் ஆதாரம். ஒத்தை லைன்ல ரெண்டு வண்டி மோதிக்காம எப்படி ஓட்டினீங்கன்னு கேட்டேன். டோக்கன் மெஷின் கதையைச் சொன்னார். பக்கத்து பக்கத்து ஸ்டேஷன்ல ரெண்டு மெஷின், கரண்ட்டால கோத்தது. ரெண்டுலேயும் சேர்த்து ஒரு நேரத்துல ஒரு இரும்பு உருண்டைதான் வெளிய வரும். அது கையில இருக்கற டிரைவர்தான் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போகலாம். நாம த்ரெட்டுக்கு லாக் போடறோமே, அதேதான்! நிக்காம போற எக்ஸ்பிரஸுக்கு, உருண்டையைத் தோல் பையில போட்டு, பிரம்பு வளையத்துல மாட்டி, கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமாம். டிரைவர் ஓட்டத்துலேயே பிடுங்கிட்டுப் போவார்.

"எங்க நிப்பீங்க பெரியப்பா?"

பலகை மேல குனிஞ்சு, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு, விரலை வெச்சார். அந்த இடத்துல இப்போ காக்கி பெயிண்ட் அடிச்ச குட்டி ஆள் ஒருத்தர் நிக்கறார். செப்புக் கம்பியை வளைச்சு, 5 மி.மீ.ல வளையமும் கையில குடுத்திருக்கேன்.

போன தடவை வந்தப்போ ரொம்ப நேரம் பாத்தார்.

"உருண்டை எங்கடா?"